மாடியிலிருந்து வந்த சம்மதம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறையப் பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். 'கட்டுரையாளருக்குக் காய்ச்சல்' என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுச் சமாளித்திருந்தார். நல்ல மனுஷர்.

காய்ச்சலெல்லாம் இல்லை. பயம்.

எழுத உட்காருவேன். மேலே ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வேன். பாளையங்கோட்டையில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு மாடி கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் இந்த சேவியரால் வந்தது.

சேவியருக்குச் சொந்த ஊர் புன்னக்காயல். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். அதாவது, வியாபாரிகளின் ஏற்றுமதிச் சரக்கை அதிகாரிகளிடம் காட்டி, கையெழுத்து வாங்கி, கப்பலில் ஏற்றிவிடுகிற வேலை. என்னோடு காலேஜில் படித்தவன். பார்க்கும்போதெல்லாம் ஒரே குறைதான் சொல்வான்.

"வாராவாரம் பஸ்ஸு, கரண்டு, முனிசிபாலிட்டின்னே எழுதுதீரே வே... எங்க சோலியப் பத்தி ஒரு வாரம் எழுதினா என்ன?"

"உம்ம சோலியில எழுத என்ன வே இருக்கு?"

"நம்பிக்கை இருக்கு. அதப் பத்தி எழுதும்."

கொஞ்சம் அசந்துதான் போனேன். துறைமுகத்தில் நம்பிக்கையா? அங்கே எல்லாரையும் சந்தேகப்படுவதற்கல்லவா சம்பளம் கொடுக்கிறார்கள்?

பொதுவாக அப்படித்தானாம். ஒருவர் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பினால் துறைமுகத்தில் பெட்டியை உடைப்பார்கள், கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள், நடுவில் வேறு ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று துழாவுவார்கள். ஆனால் ரொம்ப வருஷம் ஒரு புகார்கூட இல்லாமல் தொழில் செய்கிற சில பேருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதிகாரி அவர்கள் இடத்துக்கே வருவார். அவர் கண் முன்னால் கன்டெய்னரில் சரக்கை ஏற்றுவார்கள். கதவைச் சாத்திக் கொண்டியில் கம்பி கோத்து, அதன்மேல் அவர் ஈயத்தாலான 'சீல்' வைத்து நசுக்குவார். அதோடு சரி. துறைமுகத்தில் ஒருவரும் அந்தக் கதவைத் தொடமாட்டார்கள். சிங்கப்பூரில் போய்த்தான் திறக்கும்.

"இந்த ஆத்தங்கரை நெடுகத் தேடினாலும் அந்தப் பர்மிஷன் வச்சிருக்கது ஒரே ஒரு அப்பளக் கம்பெனிதான்," என்றான் சேவியர். "கல்லிடைக்குறிச்சி விசுவநாதன் சார். அவரு சரக்குன்னா ஆபீசர்மாரு கண்ண மூடிக்கிட்டு சீல் போடுவாங்க. செவ்வாக்கிழமை லோடு இருக்கு. வாரும், கூட்டிட்டுப் போதேன்."

கண்ணை மூடிக்கொண்டு! அந்த வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

விசுவநாதன் சார் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. முன்பக்கம் வீடு. கொல்லைப்பக்கம் அப்பளக் கொட்டகை. அதற்கும் பின்னால் லாரி வந்து நிற்கிற அளவுக்கு வெட்டவெளி. நாங்கள் போனபோது நல்ல வெயில். கன்டெய்னர் கதவுகள் திறந்து கிடந்தன. பெருங்காய வாசனையில் ஊரே தும்மும்போல இருந்தது. பெண்கள் அட்டைப்பெட்டிகளைக் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கொல்லைக்குப் போகிற வழியில் ஒரு செங்குத்தான மரப்படி. மேலே மரத்தளம் போட்ட மாடி. படியடியில் ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழமும் பூவும் வைத்திருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"தெருக்காரங்க வச்சிட்டுப் போறது. சார் மேல மௌன விரதத்துல இருக்காரு. ரெண்டு வருஷமாவப் போவுது. கீழ இறங்குறதே இல்ல. யாருகிட்டயும் பேச்சு வார்த்தை கிடையாது." சேவியர் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்ப வியாபாரம்?"

"மாமி பாத்துக்கிடுதாங்க. கையெழுத்துப் போடுத அதிகாரத்த அவங்களுக்கு எப்பவோ எழுதிக் கொடுத்துட்டாரு. ஆனா பர்மிஷன் அவரு பேருல. அதனால சீல் போடுதப்ப அவரு சம்மதம் வேணும். ஆபீசர் இந்தப் படியடியில நின்னு 'சார், சீல் போடலாமா?'ன்னு கேப்பாரு. மேலருந்து தடியால தரையில ஒரு தட்டு தட்டுவாரு. தட்டினா சம்மதம்."

இது விரதத்துக்கு முன்னாலிருந்தே உள்ள ஏற்பாடாம். காலையில் நெடுநேரம் ஜபம் செய்கிறவர். ஜபத்தின் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. கவர்ன்மென்ட் அதிகாரியைக் காக்க வைக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவரே கண்டுபிடித்த வழி அந்தத் தடி. வந்த அதிகாரிகள் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போவாராம்.

"நீரு அவரைப் பாத்திருக்கீரா?"

"பின்ன? போன மாசம்கூட மாடி ஜன்னல்ல நின்னாரு. தாடி வளர்த்திருக்காரு வே. கை காட்டினாரு."

தாடி விஷயத்தைத் தெருவில் இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். ஆள் மெலிந்துவிட்டார் என்றார் ஒருவர். முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருக்கிறது என்றார் இன்னொருவர்.

புது அதிகாரி வந்திறங்கினார். கலால் சூப்பிரண்டு. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர், இளவயசு. சேவியர் அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனான். நான் தனியாக நிற்பதைப் பார்த்து மாமி கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"வாங்கோ. காபி சாப்பிடுங்கோ."

விசுவநாதன் சாரின் மனைவி ராஜம் மாமி. நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. என்னை உட்கார வைத்து டம்ளரைக் கையில் கொடுத்தார். பிறகு கதவோரமாக நின்றுகொண்டு நேரே கேட்டார்.

"எங்காத்தைப் பத்தி எழுதப் போறேளாமே?"

ஆமாம் என்றேன் பெருமையாக.

"எழுதாதேள். அவர் இல்லை."

வெளியே போயிருக்கிறார் போல என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"முந்தா வருஷ ஐப்பசியிலயே ஆத்து வெள்ளத்தோட போயிட்டார்," என்றார் மாமி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி வரிசையாக வந்தது. "அன்னிக்குக் கொட்டற மழை. அணையைத் திறந்து விட்டிருந்தா. ஸ்நானத்துக்குப் போகாதேங்கோன்னேன், கேக்கலை. நாழியாறதேன்னு படித்துறைக்குப் போய்ப் பாத்தேன். செம்பு மட்டும் இருந்தது. தெருவுல ஈ காக்கா இல்லை. எடுத்துண்டு வந்தேன். வந்து பாத்தா கொல்லைல லாரி நிக்கறது. ஆபீசரும் வந்துட்டார். எங்கேயாவது கரையேறியிருப்பார், ஈரத்தோட வந்து நிப்பார்னு நெனைச்சேன். அதுவரைக்கும் ஒப்பேத்தணுமே... மாடில ஜபத்துல இருக்கார்னு சொல்லிட்டேன். பொய்தான். ஆபீசர் படியடியில நின்னு வழக்கம்போலக் கேட்டார்."

மாமி நிறுத்தினார்.

"தட்டித்து."

டம்ளர் என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"பின்பக்கமா வந்து மாடியேறிட்டார்னு எனக்கு ஒரே சந்தோஷம். ஓடினேன். ஒருத்தரும் இல்லை."

"எலி, கிலி..." என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் தட்டறது. கேட்டாத்தான் தட்டும். கேக்காத நாள்ல ஒரு சத்தமும் இருக்காது. மௌன விரதம்னு தெருக்காராளே பேர் வெச்சா, நான் மறுக்கலை."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமி கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பர்மிஷன் அவர் பேர்ல இருக்கு. அவர் இல்லைன்னு தெரிஞ்சா அதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் கடற்கரைல பிரிச்சுப் போட்டா அப்பளம் நமுத்துப் போயிடும். சிங்கப்பூர்க்காரன் வேற ஆளைப் பாப்பான். இவாளுக்கெல்லாம் வேலை இருக்காது. அதனால காரியம் பண்ணலை. ஒரு வாய் எள்ளும் தண்ணியும் விடச் சொல்லலை நான். பிடிச்சு வெச்சிண்டிருக்கேன் அவரை. சரக்கு போற அன்னிக்கெல்லாம் வேலைக்கு வரார். செத்தும் லீவு இல்லை அவருக்கு."

இந்த இடத்தில்தான் குரல் உடைந்தது.

"வாராவாரம் உங்களைப் படிக்கறேன். நீங்க அவரைப் பத்தி எழுதிட்டேள்னா ஊர் உலகமெல்லாம் நம்பிடும். அப்புறம் அவர் போகவே முடியாது. மேல போய்ப் பாத்துட்டு வந்து, நீங்களே சொல்லுங்கோ நான் என்ன பண்ணட்டும்னு."

நான் பேய், பிசாசு எதையும் நம்பாதவன் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை மார் தட்டியிருக்கிறேன்! அந்த வீராப்பில்தான் படியேறினேன். உண்மையைச் சொன்னால், ஒரு வயசான பெண்மணியின் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் ஏறினேன்.

மேலே ஒரே அறை. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஒரு உட்காருகிற பலகை. பக்கத்தில் பஞ்சபாத்திரம். கொடியில் மடித்துப் போட்ட வேஷ்டி. ஆற்றைப் பார்த்த ஜன்னல். தடி மூலையில் சாத்தியிருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. பலகையைத் தொட்டுப் பார்த்தேன். எதற்குத் தொட்டேன் என்று கேட்காதீர்கள். சில்லென்றிருந்தது.

அவ்வளவுதானே என்று கீழே இறங்கத் திரும்பினேன். அப்போது படியடியிலிருந்து சூப்பிரண்டின் குரல் கேட்டது. கொஞ்சம் கூச்சத்தோடு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"சார்... சீல் போடலாமா?"

நான் அந்தத் தடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் இமைக்கவில்லை. தடி அசையவில்லை. அது நிச்சயம்.

ஆனால் தட்டல் கேட்டது.

எனக்குக் கேட்டது அந்த அறையில் இல்லை. என் காலுக்கு அடியில். கீழேயிருந்து யாரோ மரத்தளத்தை ஒரு தட்டுத் தட்டிய மாதிரி. உள்ளங்காலில் அதிர்ந்தது.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே சூப்பிரண்டு, சேவியர், மாமி மூவரும் படியிலிருந்து தள்ளித்தான் நின்றார்கள். மூன்று பேரும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது மேலேயிருந்து கேட்டிருக்கிறது.

"பாத்தீரா? சார் எப்படி இருக்காரு?" என்றான் சேவியர் ஆவலாக.

சூப்பிரண்டும் என் முகத்தைப் பார்த்தார். "பார்த்தீங்களா சார்? நல்லா இருக்காரா?"

இத்தனை வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன். ஒரு வார்த்தை வரவில்லை. இல்லை என்று சொன்னால் கொல்லையில் நிற்கிற அத்தனை பேர் சோற்றிலும் மண். இருக்கிறார் என்று சொன்னால்... தெருக்காரர்களோடு சேர்ந்து நாமும் பூவும் பழமும் வைத்து அந்த மனுஷரை அமுக்கி வைத்த மாதிரி. மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் பேசாமல் நின்றதை சூப்பிரண்டு பக்தி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். "சரி, வாங்க," என்று சீல், இடுக்கி இரண்டையும் எடுத்துக்கொண்டு கன்டெய்னரை நோக்கி நடந்தார்.

யோசித்துப் பாருங்கள். எல்லாம் எவ்வளவு சுலபமாக நடக்கிறது! பழைய அதிகாரியை நம்பிப் புது அதிகாரி. சாரை நம்பிப் பழைய அதிகாரி. தெருவை நம்பி சேவியர், சேவியரை நம்பித் தெரு. யாரை நாம் ரொம்ப நம்புகிறோமோ அவரை நாம் பார்ப்பதே இல்லை. பார்க்காவிட்டால்கூடப் பரவாயில்லை, தாடி வைத்துப் பார்த்துவிடுகிறோம். அங்கே பொய் சொன்னது மாமி ஒருவர்தான். அதுவும் ஒரே ஒரு நாள். மற்றதையெல்லாம் எல்லாருமாகச் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

கதவைச் சாத்தியாயிற்று. கம்பியைக் கோத்தாயிற்று. சூப்பிரண்டு இடுக்கியை விரித்தார்.

"போடாதேள்," என்றார் மாமி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவர் இல்லை. போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போறது. நான்தான் மறைச்சேன். சீல் போடாதேள்."

சேவியர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். சூப்பிரண்டு இடுக்கியைத் தாழ்த்தினார்.

"அப்போ... இப்போ தட்டினது யாரு?"

மூன்று பேர், பிறகு கொட்டகைப் பெண்கள், லாரி டிரைவர் — எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். மாடியிலிருந்து இறங்கியவன் நான்தானே?

"நான் இல்லை," என்றேன். ஒருத்தர்கூட நம்பவில்லை. மாமி மட்டும் தலையை ஆட்டினார்.

வேலை செய்கிற பெண்களில் செல்லம்மா என்று ஒருத்தி. மெதுவாக முன்னால் வந்தாள். "யம்மா... அப்ப எங்க சோலி என்னாவும்?"

"தெரியலைடி," என்றார் மாமி. "இனிமே அவரை வெச்சுண்டு நாம சாப்பிட வேண்டாம்."

செல்லம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாமி உள்ளே நடந்தார். படியடியில் நின்று, தாம்பாளத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, மேலே பார்த்துச் சொன்னார்.

"ஏன்னா... போறும். சரக்கை நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்கோ."

நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். எதற்குக் காத்திருந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாடி அமைதியாகவே இருந்தது.

சீல் இல்லாமல், வெறும் பூட்டோடு கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போனது. அங்கே முதல்முறையாக விசுவநாதன் சார் சரக்கைப் பிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து சேவியர் போன் பண்ணினான். பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கம்பி விட்டுப் பார்த்தார்களாம். கடல் காற்றில் பாதிக்கு மேல் நமுத்துப்போனதாம்.

"உள்ள அப்பளம்தான் வே இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அவன் குரல் என்னவோ போல இருந்தது. "வேற என்ன இருக்கும்னு நெனச்சீரு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

பர்மிஷன் ரத்து. மாமி பேரில் புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரை செல்லம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒருத்தியும் மாமியைக் குறை சொல்லவில்லை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் இரண்டு மூன்று பேர் சொல்லத்தான் செய்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டாமா?

போன வியாழக்கிழமை படித்துறையில் காரியம் நடந்தது. குழந்தைகள் இல்லாததால் மதுரையிலிருந்து சாரின் தம்பி பிள்ளை வந்து செய்தான். நானும் சேவியரும் போயிருந்தோம். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. மாமியின் நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "இப்போ எழுதுங்கோ," என்றார்.

மாமி வீட்டுக்குத் திரும்பினால் சூப்பிரண்டு காத்திருந்தார். புது விண்ணப்பத்துக்கு விசாரணை. காரியம் இன்றைக்கென்று தெரியாமல் வந்துவிட்டேன், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தார். பரவாயில்லை, கேளுங்கள் என்றார் மாமி.

அதே படியடியில் நின்றுகொண்டு அவர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்த வீட்டுல சரக்குக்குப் பொறுப்பு யாரு?"

கேட்ட கையோடு அவர் கண் மேலே போனது. சேவியர் கண்ணும் போனது. ஈர வேஷ்டியோடு நின்ற தம்பி பிள்ளை, எதற்கென்று தெரியாமல், அவனும் அண்ணாந்து பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

"நான்தான்," என்றார் மாமி — மேலே கேட்கிற அளவுக்குச் சத்தமாக.